குத்தாலத்தில் இரண்டு நிமிடம்

கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸில் ஒரு பெயர் விட்டுப்போனதற்காக ஒன்பது வருஷம் நானும் என் அக்காவும் பேசிக்கொள்ளவில்லை. சொன்னால் சிரிப்பீர்கள். நானே சிரித்திருக்கிறேன், தனியாக இருக்கும்போது.

அப்பா செத்தபோது அக்கா வீட்டுக்காரர்தான் ஓடியாடி எல்லாவற்றையும் பார்த்தார். தெருமுனையில் பெரிதாக ஒரு பிளெக்ஸ் வைத்தார். மகள்கள், மருமகன், பேரன், பேத்தி, பங்காளி வீட்டுக் கைக்குழந்தை வரைக்கும் அதில் பேர் இருந்தது. இரண்டாவது மருமகன் பேர் மட்டும் இல்லை. எழுதிக் கொடுத்தவர் விட்டாரா, அச்சடித்தவன் விட்டானா, அந்தச் சாமிக்குத்தான் வெளிச்சம். கத்தாரிலிருந்து அடித்துப் பிடித்து விமானம் ஏறி வந்த என் வீட்டுக்காரர், அப்பா முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த பிளெக்ஸைப் பார்த்துவிட்டார். கருமாதி முடிந்த கையோடு என் போனை வாங்கி அக்கா நம்பரை அவர் கையாலேயே அழித்தார்.

“அந்த வீட்டு வாசப்படிய மிதிச்சா, திரும்ப இந்த வாசப்படிய மிதிக்காத” என்றார். சத்தம் போடவில்லை. சோறு போதும் என்பது மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார்.

நான் வாயில்லாப் பூச்சி இல்லை. ரேஷன் கடையில் எடை குறைந்தால் ஊரைக் கூட்டிவிடுவேன். பஸ்ஸில் கண்டக்டர் சில்லறை இல்லையென்றால் இறங்கும் வரைக்கும் விடமாட்டேன். அப்படிப்பட்டவள் வீட்டுக்காரர் முன்னால் மட்டும் எப்படி அடங்கிப்போனேன் என்று எனக்கே புரிவதில்லை. அன்றைக்குத் தலையை ஆட்டினேன். அந்த ஒரு தலையாட்டலில் ஒன்பது வருஷம் போய்விட்டது.

இதற்கு நடுவில் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. அதிலிருந்து படுக்கைதான். குளிப்பாட்டுவது, ஊட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது எல்லாம் நான். அம்மாவைப் பார்த்துக்கொள்ள வசதியாக இருக்கும் என்று வீட்டுக்காரர் இரண்டு கேமரா மாட்டச் சொன்னார். ஒன்று கட்டிலுக்கு மேலே. இன்னொன்று வாசலில். கட்டிலுக்கு மேலே இருப்பது மாமியாருக்கு. வாசலில் இருப்பது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கருவேப்பிலை வாங்கத் தெருமுனைக்குப் போனாலும் கத்தாரிலிருந்து போன் வந்துவிடும், எங்கே போகிறாய் என்று. அவர் கெட்டவர் இல்லை. ஒரு நாளும் கைநீட்டியதில்லை. கேட்பார், அவ்வளவுதான். ஆனால் கேட்டுக்கொண்டே இருப்பார்.

போன தை மாதம் ஒரு நாள் காலையில், எங்கள் தெருவுக்குப் பால் ஊற்றுகிற பெண் ஒரு சேதி கொண்டுவந்தாள். அவளுக்குப் பிறந்த வீடு அக்கா இருக்கும் ஊர்தான், மயிலாடுதுறைக்கு முந்தின ஸ்டேஷனான குத்தாலத்துக்குப் பக்கத்தில். அக்காவையும் அவள் வீட்டுக்காரரையும் மகன் கனடாவுக்கே அழைத்துக்கொண்டு போகிறானாம். வீட்டைக் கொழுந்தனாரிடம் ஒப்படைத்துவிட்டார்களாம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மெட்ராஸுக்குக் கார் கிளம்புகிறது. இனிமேல் எங்கே திரும்பி வரப்போகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே அரை லிட்டரை ஊற்றிவிட்டுப் போய்விட்டாள். அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் வலிக்காரி. அந்தக் குளிர் தேசத்திலிருந்து அவள் இன்னொரு தடவை விமானம் ஏறி வருவாள் என்று நினைக்க நான் ஒன்றும் சின்னப்பிள்ளை இல்லை. பார்த்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். இல்லையென்றால் இல்லை.

வழி கண்டுபிடித்தவள் என் மகள். தஞ்சாவூரில் கல்லூரிக்குப் போகிறாள். அந்தச் சமயத்தில்தான் தஞ்சாவூரிலிருந்து மயிலாடுதுறைக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு சிறப்பு ரயில் விட்டிருந்தார்கள். சைக்கிளோடு போகிறவர்களுக்கென்றே உள்ள ரயில். காலையில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், வேண்டிய ஊரில் இறங்கி, வாய்க்கால் கரை, கோயில், கடற்கரை என்று மிதித்துப் பார்த்துவிட்டு, சாயங்காலம் அதே ரயிலில் திரும்பலாம். அம்மாக்களெல்லாம் போகிறார்கள், உடம்புக்கு நல்லது, சான்றிதழ் கூடத் தருகிறார்கள் என்று அவள் அப்பாவிடம் அளந்துவிட்டாள். அவர் யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று மூன்று நாள் கேட்டார். கடைசியில், மயிலாடுதுறையில் இறங்கியதும் போட்டோ அனுப்ப வேண்டும், ஏழு மணிக்குள் வாசலில் இருக்க வேண்டும் என்று ஒத்துக்கொண்டார். குத்தாலம் என்ற பேரை நாங்கள் இரண்டு பேரும் வாயில் எடுக்கவே இல்லை. குத்தாலத்தில் இறங்கினால் அக்கா வீட்டுக்கு வாய்க்கால் கரையோடு மூன்று கிலோமீட்டர். அவளைப் பார்த்து வழியனுப்பிவிட்டு, அப்படியே மயிலாடுதுறைக்கு மிதித்துப் போய் அந்தப் போட்டோவையும் எடுத்துவிடலாம் என்பது திட்டம்.

முன்கூட்டியே அக்காவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கலாம், பால்காரப் பெண் மூலமாக. சொல்லவில்லை. வேண்டாம் என்று ஒரு வார்த்தை அவள் சொல்லிவிட்டால் என்ன செய்வேன்? நேரே போய் வாசலில் நின்றுவிட்டால் அவளால் என்னைத் திருப்பி அனுப்ப முடியாது.

மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் கொடுத்த சைக்கிள்தான் என் வண்டி. வயலுக்கும் மருந்துக்கடைக்கும் அதில்தான் போவேன். அன்றைக்கு விடியற்காலையில் மாமியாருக்கு எல்லாம் செய்து முடித்து, மகளிடம் ஒப்படைத்துவிட்டு, அவளுடைய சுடிதார் ஒன்றைப் போட்டுக்கொண்டு தஞ்சாவூர் ஸ்டேஷனுக்கு மிதித்தேன். கல்யாணமான பிறகு நான் சுடிதார் போட்டது அதுதான் முதல் தடவை.

அந்த ரயிலைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் வந்த வேலையே மறந்துவிட்டது. நடுவில் இரண்டு பெட்டியில் இருக்கையே கிடையாது. கூரையை ஒட்டி வரிசையாகக் கொக்கிகள். முன் சக்கரத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்டினால் சைக்கிள் செங்குத்தாகத் தொங்கும்; பின் சக்கரம் தரையில் ஒரு சின்னப் பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். கொக்கிக்கு ஒரு நம்பர், அதே நம்பரில் கையில் கட்ட ஒரு பட்டை. ஆட்கள் உட்கார முன்னால் இரண்டு பெட்டி, பின்னால் இரண்டு பெட்டி. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உள்ளே வழி இல்லை. ஊர் வந்தால் இறங்கி, பிளாட்பாரத்தில் ஓடிப்போய்த்தான் சைக்கிளை எடுக்க வேண்டும். நேரத்தோடேயே வந்திருந்தேன். எனக்கு வாசலை ஒட்டிய கொக்கியே கிடைத்தது.

அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. எங்கள் பக்கத்தில் சைக்கிளைப் பூட்டாமல் விட்டால் யாருக்கும் தூக்கம் வராது. மாட்டுக்கொட்டகைக்குள்ளே நிறுத்தினாலும் பூட்டுவோம். திருவிழாவுக்குப் போனால் பக்கத்தில் நிற்கிற சைக்கிள்காரன் யார் எவர் என்று தெரியாவிட்டாலும், இரண்டையும் சேர்த்து ஒரே சங்கிலியில் பூட்டிக்கொள்வோம். முதலில் திரும்பி வருகிறவர் மற்றவருக்காகக் காத்திருப்பார். அதில் சண்டை வந்து நான் பார்த்ததில்லை. அந்த ரயிலில் பட்டணத்துக்காரர்கள் ஒரு கறவை மாட்டு விலைக்கு வாங்கிய சைக்கிளைச் சும்மா மாட்டிவிட்டுக் கையை வீசிக்கொண்டு போனார்கள். எனக்குப் பார்க்கவே பதறியது. என் பூட்டின் சாவியோ போன மழையிலேயே தொலைந்திருந்தது.

பக்கத்துக் கொக்கிகளில் ஒரு புருஷன் பெண்சாதி சைக்கிளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். தஞ்சாவூரில் சின்னதாக மெஸ் நடத்துகிறவர்கள். அவர் பையிலிருந்து ஒரு சங்கிலியை எடுத்தார் பாருங்கள், கடை வாசலில் கேஸ் சிலிண்டரைக் கட்டிப்போடுகிற சங்கிலி, ஆள் நீளம் இருக்கும். எனக்கு வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது. என்னுடையதையும் சேர்த்துப் போடுங்கள் அண்ணே என்று நானே வலியப்போய்க் கேட்டேன். அவரும் சந்தோஷமாக மூன்று சைக்கிளையும் சுற்றி, நடுவே கம்பியில் ஒரு முறுக்கு முறுக்கி, கைமுட்டி அளவுப் பூட்டைப் போட்டார். அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்த ரயில்வே ஊழியர், ஓடுகிற வண்டியில் யாரம்மா தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள் என்று சிரித்தார். போன பிறகு நீங்களா வாங்கித் தரப்போகிறீர்கள் என்று நான் கேட்டேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வாய்க்கு மட்டும் என்றைக்கும் என்னிடம் பஞ்சமில்லை.

அவர்கள் முன்னால் உள்ள பெட்டிக்குப் போனார்கள். நான் பின்னால் உள்ள பெட்டிக்குப் போனேன். அவர்கள் எங்கே இறங்குகிறார்கள் என்று நானும் கேட்கவில்லை, நான் எங்கே இறங்குகிறேன் என்று அவர்களும் கேட்கவில்லை. திருவிழாவில் அதையெல்லாம் யார் கேட்பார்கள்?

கும்பகோணம் தாண்டும் வரைக்கும் அக்காவிடம் முதலில் என்ன பேசுவது என்பதுதான் யோசனை. பிளெக்ஸைப் பற்றிப் பேசவே கூடாது. முழங்கால் எப்படி இருக்கிறது என்று ஆரம்பிக்கலாம். அவள் கோபமாக இருந்தால் திட்டட்டும், வாங்கிக்கொள்ளலாம். ஆடுதுறையிலேயே எழுந்து வாசலுக்கு வந்து நின்றுவிட்டேன். குத்தாலத்தில் இரண்டு நிமிடம்தான் நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள்.

வண்டி நின்றதும் குதித்து ஓடினேன். எனக்கு முன்னால் நான்கைந்து பேர் கொக்கியிலிருந்து சைக்கிளைக் கழற்றிப் பூப்போல இறக்கிக்கொண்டு போனார்கள். நான் என் சைக்கிளைக் கொக்கியிலிருந்து தூக்கி இழுத்தேன். கூடவே இரண்டு சைக்கிள் முனகிக்கொண்டு வந்தன. அப்போதுதான் சங்கிலி ஞாபகத்துக்கு வந்தது.

மெஸ்காரர் எந்தப் பெட்டியில் இருக்கிறார் என்று தெரியாது. ஜன்னல் வழியே முன்பக்கம் பார்த்து அண்ணே, அண்ணே என்று கத்தினேன். பட்டணத்துக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ரயில்வே ஊழியர் இறங்கி முன்னால் ஓடினார். கொஞ்ச நேரத்தில் அங்கே வாசலில் மெஸ்காரர் தலை தெரிந்தது. விஷயம் புரிந்து, பெண்சாதி இடுப்பிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு இறங்குவதற்குள் விசில் ஊதிவிட்டார்கள். அவர் பழையபடி ஏறிக்கொண்டார். ஊழியர் மட்டும் திரும்பி ஓடி வந்து, வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தார்.

“நீங்க இறங்கிருங்கம்மா. சைக்கிள மயிலாடுதுறையில வாங்கிக்கலாம்.”

“சைக்கிள விட்டுட்டா?” என்றேன்.

வண்டி நகர்ந்துவிட்டது. அவர் உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினார்.

அந்தப் பெட்டியில் உட்கார இடமில்லை. இரண்டு பக்கமும் சைக்கிள்கள் தொங்கின. வண்டி ஆடும்போதெல்லாம் எவனுடைய சக்கரமோ என் தோளில் வந்து இடித்தது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் குத்தாலம் போய்க்கொண்டிருந்தது. அறுத்த வயல், அறுக்காத வயல், ஒரு வாய்க்கால், அதன் கரையில் ஒரு மண்ரோடு. அந்த ரோட்டில்தான் நான் இந்நேரம் மிதித்துக்கொண்டிருக்க வேண்டும். சங்கிலியைப் பிடித்து ஆட்டினேன். ரயில்வே ஊழியர், ஆட்டாதீங்கம்மா, கொக்கி கழண்டுடும் என்றார். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. முதலில் மெஸ்காரர்மேல். பிறகு, நானே கேட்டுக்கொண்டேனே என்று என்மேல்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று உறைத்தது. இறங்கியிருக்கலாம். மூன்று கிலோமீட்டர், ஆட்டோ கிடைக்கும். இல்லாவிட்டால் நடந்தே போயிருக்கலாம், ஓடியே போயிருக்கலாம். ஒன்பது வருஷம் கழித்து அக்கா மூன்று கிலோமீட்டரில் இருக்கிறாள், நான் அரசாங்கம் சும்மா கொடுத்த சைக்கிளின் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். யாராவது கேட்டால், சைக்கிள் இல்லாமல் திரும்பினால் வாசல் கேமராவில் தெரிந்துவிடுமே, அதனால்தான் என்று காரணம் சொல்லலாம். அது பொய். அந்த இரண்டு நிமிடத்தில் கேமரா என் மனசிலேயே இல்லை. விட்டுவிட்டுப் போகலாம் என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை, அவ்வளவுதான். எதையும் விட்டுவிட்டுப் போய்ப் பழக்கமில்லை.

மயிலாடுதுறையில் மெஸ்காரர் ஓடி வந்து பூட்டைத் திறந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மன்னித்துக்கொள்ளச் சொன்னாள். அவர்கள்மேல் என்ன தப்பு? மணி ஒன்பதாகப் போகிறது. பால்காரப் பெண்ணுக்குப் போன் போட்டேன், அவள் அம்மா வீட்டில் சொல்லிக் காரைக் கொஞ்சம் நிறுத்திவைக்கச் சொல்லலாம் என்று. நான்கு தடவை அடித்தது. அவள் எடுக்கவில்லை.

அங்கிருந்து அக்கா ஊர் பன்னிரண்டு கிலோமீட்டர். ஒரு மணி நேரம் இருக்கிறது, மிதித்தால் போய்விடலாம். ஆனால் வெளியே விட்டால்தானே? அங்கே இறங்கியவர்கள் எல்லோரும் தரங்கம்பாடி கடற்கரைக்குப் போகிறவர்கள்; ஒருவர் விடாமல் வரிசையில் நிற்க வேண்டுமாம். எல்லோருக்கும் மஞ்சள் சட்டை, மஞ்சள் தொப்பி. தொப்பி போடாத யாருக்கும் ஸ்டேஷன் கேட்டைத் திறக்க மாட்டோம் என்றார்கள். பிறகு ஒருவர் சாலை விதிகளைப் பற்றிப் பேசினார். பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பிறகு குரூப் போட்டோ. நான் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். கேட் திறந்தபோது ஒன்பதரை. எல்லோரும் கிழக்கே திரும்பினார்கள். நான் மேற்கே திரும்பினேன்.

நாற்பத்தெட்டு வயதில் நான் அப்படி மிதித்ததில்லை. அறுவடை நேரம். ரோடெல்லாம் வைக்கோலும் தூசியுமாக இருந்தது. அறுப்பு மெஷின் ஓடுகிற வயல்களிலிருந்து நெல் சுணை பறந்து வந்து மூக்கிலும் கண்ணிலும் ஏறியது. துப்பட்டாவை எடுத்துக் கண்ணுக்குக் கீழே முகத்தைச் சுற்றிக் கட்டிக்கொண்டேன். தொப்பியைக் கழற்றப் பொறுமையில்லை. தொடை இரண்டும் எரிந்தது. பத்தாகிவிட்டது, பத்து அஞ்சு, பத்து பத்து. கிளம்பியிருக்க மாட்டார்கள், நம் ஆட்கள் சொன்ன நேரத்துக்கு என்றைக்குக் கிளம்பியிருக்கிறார்கள் என்று வாய்விட்டே சொல்லிக்கொண்டு மிதித்தேன்.

பத்தரை ஆனபோது அக்கா ஊருக்கு இன்னும் மூன்று கிலோமீட்டர்தான் இருந்தது. எதிரே ஓர் அறுப்பு மெஷின் ரோட்டை அடைத்துக்கொண்டு வந்தது. ஓரமாக இறங்கி, காலை ஊன்றி நின்றேன். அதன் பின்னாலேயே ஒரு வெள்ளைக் கார், கூரையில் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஊர்ந்து வந்தது. முன் சீட்டில் அக்கா. தலை முழுக்க நரைத்திருந்தது. கார்க் கண்ணாடி இறங்கியிருந்தது. கை நீட்டினால் தொடலாம், அவ்வளவு பக்கம்.

எனக்கு மூச்சு வாங்கியதில் குரலே வரவில்லை. அவளையே பார்த்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். பார்த்துச் சிரித்தாள். சிரித்துக் கையாட்டினாள்.

என் அக்கா என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நானும் கையாட்டினேன். மெஷினைத் தாண்டியதும் கார் ஓரங்கட்டி நிற்கும், அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குவாள் என்று சைக்கிளை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினேன். தொப்பியைக் கழற்றி ஹேண்டில்பாரில் மாட்டினேன். முகத்துத் துப்பட்டாவை அவிழ்த்தேன். அதை அவிழ்க்கும்போதுதான் அவள் யாருக்குக் கையாட்டினாள் என்று எனக்கு விளங்கியது. கார் மெஷினைத் தாண்டி வேகமெடுத்துப் போய்விட்டது. நடுரோட்டில் நின்று அக்கா என்று கூப்பிட்டேன். வயலில் வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சாயங்காலம் ரயிலில் வந்து ஏழு மணிக்குள் வாசலில் நின்றேன். வீட்டுக்காரர் போன் செய்து, போட்டோவில் நன்றாகச் சிரித்திருக்கிறாய் என்றார். மாமியாரின் முதுகைத் துடைத்துவிட்டேன். மகள் சமையலறைக்கு வந்து கண்ணாலேயே கேட்டாள். இல்லை என்று தலையை ஆட்டினேன்.

பன்னிரண்டு நாள் கழித்து, கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. நீளமான நம்பர். “நான்தான்டி” என்றாள் அக்கா. பால்காரப் பெண்ணிடம் என் புது நம்பரை வாங்கினாளாம். பனியைப் பற்றிச் சொன்னாள், மருமகளைப் பற்றிச் சொன்னாள், முழங்காலுக்கு அங்கே ஏதோ ஊசி போடுகிறார்களாம். பிளெக்ஸைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வந்தாள்.

“கெளம்புற அன்னைக்கு நீ வருவேன்னு ஒரு நெனப்புடி எனக்கு. பத்து மணிக்குக் கெளம்ப வேண்டியது. நான்தான் அத வச்சேன், இத வச்சேன்னு கால்மணி நேரம் இழுத்தடிச்சேன். வழியில ஒருத்தி சைக்கிள்ல நின்னா, மூஞ்சியெல்லாம் மூடிக்கிட்டு. நின்ன வாகு அப்படியே ஒன்ன மாதிரி இருந்துச்சு. சரி, இவளுக்காவது கையாட்டிட்டுப் போவோம்னு ஆட்டிட்டு வந்தேன்.” குரல் உடைந்துவிட்டது. “ஏன்டி, ஒரு எட்டு வந்துட்டுப் போயிருக்கக் கூடாதா?”

அது நான்தான்க்கா என்று தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் அவள் அந்தப் பனிக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு, கிட்டே வந்து நின்றவளைத் தெரியாமல் போய்விட்டோமே என்று சாகிற வரைக்கும் அதையே நினைத்து மாய்ந்துபோவாள். அவளை எனக்குத் தெரியும்.

“வர முடியலக்கா” என்றேன்.